நலமா என்று கேட்ட பாவம்

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் பிகேபி என்ற நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் எங்கள் தொண்டு நிறுவன ஊழியர்கள் மூவரும் ஆளுக்கொரு கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குத் தலைவன் நான். அன்றுமுதல் அசாம் ஜாவாவில் என் வீட்டு முன்னறைதான் தலைமையகம். இஸ்திரிப் பலகைதான் மேசை. நிஜ மேசை வெங்காயம் அரியத் தேவைப்பட்டது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் மனநலத்தைத் தலைமை காக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். படித்ததோடு விட்டிருக்கலாம். காலை 7.30-க்கு ஸூமில் யோகா, மூன்று வேளையும் வாட்ஸ்அப்பில் "நலமா?", இரவில் ரோஜாப்பூ படத்தோடு ஒரு பொன்மொழி. அந்த மார்ச்சிலேயே சுகாதார அமைச்சும் மெர்சி மலேசியா அமைப்பும் மனநல ஆதரவுக்குத் தொலைபேசிச் சேவை தொடங்கியிருந்தன. அந்த எண்ணையும் போட்டேன், ரோஜாவுக்குக் கீழே, எறும்பளவு எழுத்தில்.

முதல் நாள் யோகாவில் ஒற்றைக்காலில் நின்றேன். லைன் நின்று, திரையில் படம் உறைந்துவிட்டது. நான்கு நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்றதாக ஊழியர்கள் வியந்தார்களாம். உண்மையில் நான் விழுந்துவிட்டேன்; மனைவி என் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் மகளிர் அமைச்சு ஒரு யோசனை வெளியிட்டது: வீட்டில் கணவனிடம் கார்ட்டூன் பூனை டோராமோன் குரலில் கொஞ்சிப் பேசலாம். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அதற்குள் நான் அதை மனைவியிடம் காட்டிவிட்டேன். "குடும்பத் தலைவரே, சோம்பு வாங்கிட்டு வாங்க" என்றாள், அதே குரலில். அப்போது கடைக்குப் போகக் குடும்பத் தலைவருக்குத்தானே அனுமதி! சீரகத்தோடு திரும்பினேன்.

எங்கள் கணக்கு கிராணி புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தார். அங்கே மாரியம்மன் கோயில் படியில்தான் லைன் கிடைக்கும். ஜூனில், இணையத் தேர்வுக்காக சபாவில் மரமேறிய மாணவியின் காணொளியைப் பார்த்து நாடே உருகியது. நானும் உருகி, அதை அவருக்கு அனுப்பினேன். அதைப் பார்க்க அவர் கோயிலுக்கு நடந்தார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மனைவி. யோகா இல்லாமல், ரோஜா இல்லாமல், மூவரையும் போனில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். அலுவலகத்தில் இருந்தபோது, உதவி கேட்பவர் யாராவது போனில் அரிசிக்கு அழுதால், அதைக் கேட்ட ஊழியர் பின்கட்டுக்குப் போய்த் தே கலக்கிக்கொண்டே மற்ற இருவரிடம் புலம்புவாராம். இப்போது அந்த அழுகை நடுராத்திரியில், தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் வருகிறதாம். டாப் அப் வேறு சொந்தக் காசில்.

"ராத்திரியில நம்ம ஊழியர்கள் நம்பருக்கு ஜனங்க எப்படிக் கூப்பிடுறாங்க?" என்றேன்.

"நீங்க அடிச்ச நோட்டீஸ்லதான் போட்டிருக்கு. 24 மணி நேரமும்னு."

யோகா நின்றது. மாதம் 30 வெள்ளி டாப் அப்புக்கு ஏற்பாடானது. இரவு எட்டுக்கு மேல் வரும் அழைப்புகள் என் எண்ணுக்கு மாறின.

முதல் இரவே, 11.40-க்கு ஒரு தாய் பால் மாவு கேட்டார். பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டேன். அதன்பிறகு தூக்கம் வரவில்லை. சமையலறை இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் டோராமோன் குரல் கேட்டது: "நலமா?"