நாணயஸ்தர்

காலை ஆறரை மணிக்கு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் முடிந்து பேப்பரை விரித்தால், அண்ணன் முதலில் தேடுவது லஞ்ச ஒழிப்புப் போலீஸ் செய்தியைத்தான். பட்டா மாறுதலுக்குப் பணம் வாங்கிய யாரோ ஒரு கிராம நிர்வாக அலுவலர், கையும் களவுமாக. செய்தியை முழுசாகப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தொகையை மட்டும் பார்ப்பார். "ஏனுங், வெறும் ரெண்டாயிரத்துக்கு மாட்டிருக்கான் பாருங்க, பாவம்" என்று முதலில் ஒரு இரக்கம். அடுத்த வாய் டீ உள்ளே போனதும் முகம் சிவந்துவிடும். "ரெண்டாயிரமா? என்ற கிட்ட அஞ்சு வாங்குனாங்களே!"

நாட்டில் ஊழல் பெருத்துவிட்டது என்ற அன்றைய பிரசங்கம் இந்த இடத்தில்தான் தொடங்கும்.

அண்ணனுக்குப் பேர் வேண்டாம். கணபதியில் பார்த்தால் கிரைண்டர் கம்பெனி வைத்திருப்பார், குறிச்சியில் பம்ப்புக்கு வார்ப்படம் ஊற்றுவார். திருப்பூர்ப் பக்கம் போனால் பனியன், நாமக்கல்லில் கோழிப்பண்ணை, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி. சின்ன வயதில் லேத்தில் நின்று வேலை பழகியவர். ஒரு மெஷினைக் கடனுக்கு வாங்கிப் போட்டு, அது நாலாகி, நாலு நாற்பது ஆட்களுக்குச் சோறு போடுகிற பட்டறையாகி, இன்று இன்னோவாவில் போகிறார். சட்டை மட்டும் அன்றைக்குப் போலவே வெள்ளை.

அவருடைய நாணயத்தைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம்தான். ஆர்டர் இல்லாத மாதத்திலும் வீட்டு நகையை வைத்தாவது கொடுத்துவிடுவார். இரும்புக் கடைக்காரருக்குச் சொன்ன தேதி தவறாது. வாய்வார்த்தையில் லட்சக்கணக்கில் கைமாறும், ஒரு துண்டுச்சீட்டு இருக்காது. இத்தனை நேர்மையும் உள்ள மனிதர், லஞ்சத்தை மட்டும் விட்டுவைப்பாரா? அதையும் நேர்மையாகத்தான் கொடுப்பார். பேசின தொகையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். தேதி தப்ப மாட்டார். புரோக்கர் வழியாகக் கொடுத்தாலும், சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததா என்று விசாரித்து உறுதி செய்துகொள்வார்.

எதிர்த்தரப்பிலிருந்தும் அதே நாணயத்தை எதிர்பார்க்கிறார். அவ்வளவுதான் அவருடைய அரசியல் சித்தாந்தம்.

அவர் கணக்கில் அரசு ஊழியர்கள் நாலு ஜாதி. வாங்கிக்கொண்டு வேலையை முடித்துத் தருபவர் நல்ல மனிதர். இப்படி ஒருவர் மாற்றலாகிப் போனால் அண்ணன் உண்மையாகவே வருத்தப்படுவார். சால்வை போட்டு வழியனுப்புவார். வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாதவர் அயோக்கியர். அண்ணன் வாயில் 'ஊழல்' என்ற சொல் முழு வீரியத்தோடு வருவது இவரைப் பற்றிப் பேசும்போதுதான். வாங்காமலேயே வேலையைச் செய்பவர்மேல் மரியாதை உண்டு, கூடவே ஒரு சந்தேகமும் உண்டு. "பின்னால எதுக்காச்சும் போட்டு வெக்கறானோ என்னமோ" என்று இரண்டு நாள் தூக்கம் பிடிக்காது. நாலாவது ஜாதி, வாங்கவும் மாட்டார், அண்ணன் கேட்கிறபடி செய்யவும் மாட்டார். ரூல் புத்தகத்தை எடுத்துக் காட்டுவார். நாடு முன்னேறாததற்கு இவர்தான் காரணம் என்பது அண்ணன் கட்சி.

நாமக்கல் ஆட்சியராக இருந்த சகாயம் 2009-இல் தன் சொத்துக் கணக்கை மாவட்ட இணையதளத்தில் ஏற்றியபோது, தமிழ்நாட்டில் எந்த ஐ.ஏ.எஸ். அதிகாரியும் அதற்கு முன் செய்யாத காரியம் என்று பத்திரிகைகள் எழுதின. அண்ணன் உருகிவிட்டார். அந்தச் செய்தியை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். "இவராட்ட நாட்டுக்கு நாலு பேரு வேணுமுங்க" என்றார். நம்ம மாவட்டத்துக்கே மாற்றலாகி வந்தால் எப்படி என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். "நாட்டுக்கு வேணும்னுதானுங்க சொன்னேன்."

'தப்பான வேலைக்கு ஒரு பைசா குடுத்ததில்ல, சரியான வேலை சீக்கிரம் நடக்கத்தான் குடுக்கறேன்' என்பது அவருடைய அசைக்க முடியாத வாதம். இதில் ஓரளவு நியாயம் இருப்பதுதான் வேடிக்கை. மூன்று ஃபேஸ் மின் இணைப்புக்கு எல்லாக் காகிதமும் சரியாக இருக்கும். ஃபைல் மட்டும் நகராது. நகர்த்தக் கொடுக்கிறார். ஆனால் இந்த வாதத்தை அறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு தமிழர் உடைத்துப் போட்டுவிட்டார். 1962-இல் மத்திய அரசு அமைத்த ஊழல் தடுப்புக் குழுவுக்குத் தலைவர் கே. சந்தானம். 1964-இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் மத்திய விஜிலன்ஸ் கமிஷன் வந்தது. வேகத்துக்காகக் கொடுக்கிற பணத்தைப் பற்றி அந்த அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? தாமதத்துக்கே அது பெரிய காரணமாகிவிட்டது என்கிறது. நகர்த்தினால் காசு வரும் என்று தெரிந்த பிறகு எந்த ஃபைல் தானாக நகரும்? அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைச் சின்னப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அதெல்லாம் சரிங்க. என்ற ஃபைலு எப்ப வரும்?"

கணக்கெழுதும் அம்மாவுக்குத்தான் பெரும் சோதனை. கொடுத்த பணத்தைப் புத்தகத்தில் எங்காவது எழுத வேண்டுமே. பட்டறையில் அதற்கு 'டீ செலவு' என்று பெயர். ஒரு வருஷம் ஆடிட்டர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, "நாப்பது பேரு இவ்வளவு டீ குடிச்சா ஒருத்தருக்கும் ராத்திரி தூக்கம் வராதுங்களே" என்றாராம். உண்மையைச் சொல்லி வரியிலாவது கழித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சட்டப்படி குற்றமான காரியத்துக்குச் செய்த செலவு தொழில் செலவு ஆகாது என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் 1998-இல் ஒரு விளக்கம் சேர்த்துவிட்டார்கள்; அதுவும் 1962 முதலே அப்படித்தான் என்று பின்தேதியிட்டு.

இந்த இடத்தில் அண்ணனுக்கு ஜெர்மனிமேல் பொறாமை. அவர் பட்டறையில் ஓடுகிற மெஷின்களில் உசத்தியானது ஜெர்மன் மெஷின். அந்த நாட்டுக் கம்பெனிகள், வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த லஞ்சத்தை 1999 வரைக்கும் செலவில் எழுதி வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. இதை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. "முன்னேறுன நாடுன்னா சும்மாவாங்க?" என்று மட்டும் சொன்னார்.

புகார் கொடுக்கலாமே என்று யாராவது கேட்டால் அண்ணன் சிரிக்க மாட்டார். நடைமுறை முழுக்க அவருக்கு அத்துப்படி. லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால் நோட்டில் பினாப்தலின் பவுடரைத் தடவிக் கொடுப்பார்கள். வாங்கினவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். மறுநாள் பேப்பரில் படம் வரும். "அதோட அவன் கதை முடிஞ்சுதுங்க. என்ற கதை?" என்பார். அதற்கு அடுத்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க அதே கட்டடத்துக்குத்தான் போக வேண்டும். மாட்டிக்கொண்டவரின் பக்கத்து மேஜைக்காரர் இவரை மறந்திருக்க மாட்டார். பணம் கேட்க மாட்டார், மரியாதையாக நாற்காலி போடுவார், ஃபைலில் புதுசு புதுசாகக் குறை கண்டுபிடிப்பார். வழக்கு எத்தனை வருஷம் இழுக்குமோ, அத்தனை வாய்தாவுக்கும் பட்டறையை விட்டுவிட்டு அண்ணன் சாட்சிக் கூண்டேற வேண்டும். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது பேர் சம்பளம் அந்த ஃபைலில் இருக்கிறது.

ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தி, கொடுப்பவருக்கும் ஏழு வருஷம் வரை சிறை என்று வைத்தார்கள். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் ஏழு நாளைக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லித் தப்பிக்கலாம். அண்ணன் இதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஏழு நாள்ல குடுத்த காசு மேல வரைக்கும் போயே சேராதுங்களே!" இதற்கு நேர் எதிராக, மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு 2011-இல் ஒரு யோசனை சொன்னார். நியாயமாகக் கிடைக்க வேண்டியதற்கே லஞ்சம் கொடுக்க நேர்ந்தால், கொடுத்தவரைக் குற்றவாளி ஆக்காதே, பிடிபட்டால் அவர் பணத்தைத் திருப்பிக் கொடு என்று. கொடுத்தவரே புகார் சொல்லத் துணிவார் என்பது அவர் கணக்கு. அண்ணனுக்கு அந்தப் பொருளாதாரம் முழுக்கப் புரியவில்லை. ஆனால் 'காசு திரும்பி வரும்' என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தேர்தல் வந்தால் அண்ணன் இன்னும் கறாராகிவிடுவார். ஓட்டுக்குக் காசு வாங்குவது அவருக்குப் பிடிக்காது. ஜனங்கள்தான் நாட்டைக் கெடுக்கிறார்கள் என்பார். தான் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒரே தொகையை நன்கொடையாகக் கொடுப்பார், ஓரவஞ்சனை கூடாது என்று. 2016 மே மாதத் தேர்தலில், பணப் பட்டுவாடா எல்லை மீறிவிட்டது என்று அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்து, கடைசியில் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்தது ஆணையம். பிறகு நவம்பர் 19-இல்தான் ஓட்டு. மே மாதம் வாங்கிய காசுக்கு நவம்பரில் ஓட்டுப் போடக் கடமை உண்டா இல்லையா என்று பேக்கரியில் பெரிய தர்க்கம். நாணயம் என்று பார்த்தால் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அதற்குள் நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் அறிவித்துவிட்டார். "அப்ப அந்தக் கடமையும் செல்லாதுங்க" என்று அண்ணன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டார்.

அதே மே மாதம் திருப்பூர் மாவட்டத்தில் மூன்று கன்டெய்னர்களில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. கோவையிலிருந்து விசாகப்பட்டினம் போகிற எங்கள் பணம் என்று ஸ்டேட் பாங்க் சொன்னது. ஊரெல்லாம் அது யார் பணம் என்று கதைகட்டிக்கொண்டிருக்க, அண்ணன் கேள்வி வேறு: "பில்லு இல்லாம ஒரு மோட்டார் அனுப்புனா என்ற வண்டிய நிறுத்தறாங்க. இத்தனை கோடிக்கு ஒழுங்கா பேப்பர் வெக்க வேண்டாமுங்களா?"

ஆனால் அவர் மனத்தை உண்மையில் கொள்ளைகொண்டது தேர்தல் பத்திரம். 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டம் அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது. அடுத்த மாதம் பட்டியல் வெளியானது. முதலிடத்தில் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது ஃப்யூச்சர் கேமிங், கோவை முகவரி கொண்ட லாட்டரி நிறுவனம். அப்போதைய சட்டப்படி அது அனுமதிக்கப்பட்ட நன்கொடைதான். 2003 முதல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்கத் தடை என்பது தனிக் கதை. அண்ணனுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. "இந்தியாவுலயே முதலிடம் நம்ம கோயமுத்தூருங்க!" என்று பேக்கரியில் எல்லாருக்கும் டீ சொன்னார்.

பிறகு நிதானமாகத் திட்டத்தின் அழகை விளக்கச் சொல்லிக் கேட்டார். பாங்க் வழியாகக் கொடுக்கலாம். வெள்ளைப் பணம். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வெளியே தெரியாது. ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் முதல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் வரை உண்டு. ஆயிரம் என்றதும் அவர் கண் விரிந்தது. "இத்தனை வசதி பெரிய ஆளுகளுக்கு மட்டும் எதுக்குங்க? தாலுகா ஆபீசுக்கும் இப்படி ஒன்னு வெச்சிருந்தா, எங்கள மாதிரி சின்னத் தொழில்காரங்க மானமாப் பொழைச்சிருப்போமே. கோர்ட்டு சித்த பொறுத்திருக்கலாமுங்."

இப்போது வீட்டிலேயே ஒரு எதிர்க்கட்சி கிளம்பியிருக்கிறது. மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வெளிநாட்டில் மேல்படிப்பும் படித்துத் திரும்பியிருக்கிறான். லஞ்சம் கொடுத்து இனிமேல் ஒரு வேலையும் இந்த வீட்டில் நடக்காது என்று அறிவித்துவிட்டான். புதிதாக வாங்கின நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா வாங்க வேண்டியிருந்தது. "எல்லாம் ஆன்லைன்ப்பா. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க" என்று அவனே விண்ணப்பித்து, அரசுக் கட்டணத்தைக் கட்டி, செல்போனில் நிலவரம் பார்க்க ஆரம்பித்தான். நிலவரம் அப்படியே நின்றது. நிலம் அளக்க சர்வேயர் வரவில்லை. மகன் மறுபடி எழுதினான், மேலதிகாரிக்கு எழுதினான், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டான். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும்போது அவன் முகம் வாடியிருப்பதைப் பார்த்துவிட்டு, அவன் அம்மாதான் ஒரு நாள் ராத்திரி, "ஏனுங் மாமா, பையன் இப்படியே கெடந்தா நல்லாவா இருக்குது?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த வாரமே சர்வேயர் வந்தார். சங்கிலி போட்டு அளந்தார், மகனிடம் மரியாதையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார், ஒரு டீகூடக் குடிக்கவில்லை. கொஞ்ச நாளில் பட்டா செல்போனிலேயே வந்து விழுந்தது.

"பாத்தீங்களாப்பா, சிஸ்டம் வேலை செய்யுது. நீங்கதான் குடுத்துக் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றான் மகன். "ஆமாஞ் சாமி, நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். கணக்கெழுதும் அம்மாவிடம் அந்த மாதம் டீ செலவை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னாராம்.

போன வாரம் பேக்கரியில் பார்த்தபோது அண்ணன் பேப்பரை விரிக்காமலே உட்கார்ந்திருந்தார். என்ன என்று விசாரித்தேன். மகன் தன் அனுபவத்தைச் சிநேகிதர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். கொடுக்காமலே நடக்கும், பொறுமைதான் வேண்டும், நானே சாட்சி என்று. அவனை நம்பி நாலைந்து பையன்கள் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒருத்தனுக்கு மின் இணைப்பு, ஒருத்தனுக்குக் கட்டட அனுமதி, மிச்சப் பேருக்குப் பட்டா.

"பசங்க நம்பிக்கை போயிரக் கூடாது பாருங்க" என்றார் அண்ணன். "அவங்களுக்கும் சேத்து நாந்தான் பாக்கோணுமாட்ட இருக்குதுங்."