ஜெமினி பாலத்தடியில் ஒரு வாய்மொழித் தேர்வு

மன்னனையும் கற்றவனையும் தராசில் நிறுத்து, கற்றவன் தட்டுதான் தாழும் என்று தீர்ப்புச் சொன்ன ஔவைப் பாட்டியிடம் பாஸ்போர்ட் கிடையாது. அதனால் தப்பித்தாள். 2006 பிப்ரவரியில் சென்னை ஜெமினி பாலத்துக்கு அருகே அமெரிக்கத் தூதரக வரிசையில் நின்றிருந்தால், மன்னனும் இல்லை, கற்றவனும் இல்லை, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத்தான் எல்லாச் சிறப்பும் என்று ஓலையைத் திருத்தி எழுதியிருப்பாள்.

அந்த மாதம் அந்த ஜன்னல் முன்னால் போய் நின்றவர் பேராசிரியர் கோவர்தன் மேத்தா. பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகம் என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியாது, டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்ல வேண்டும். அதன் இயக்குநராக 1998 முதல் 2005 வரை இருந்தவர். இயற்கையில் கிடைக்கும் சிக்கலான மூலக்கூறுகளை ஆய்வுக்கூடத்தில் கட்டியெழுப்பும் கரிம வேதியியலர். லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ. பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் அன்று உறுப்பினர். இதெல்லாம் போக, உலக நாடுகளின் அறிவியல் அமைப்புகள் ஒன்றுகூடிய பன்னாட்டு அறிவியல் மன்றத்துக்கு அப்போது அவர்தான் தலைவர். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதெமியும் அதில் ஓர் உறுப்பினராக இருந்தது. அறிவியலாளர் எவரும் நாடு விட்டு நாடு தடையில்லாமல் போய்வர வேண்டும் என்று அந்த மன்றத்தின் சட்டவிதி சொன்னது. அந்த விதிக்குக் காவலாளியாக இருந்தவரைத்தான் வாசலில் நிறுத்தினார்கள்.

ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கௌரவிக்க நினைத்தது. நினைத்தது பல்கலைக்கழகம், தீர்மானிப்பது ஜன்னல். பெங்களூருவில் அன்று அமெரிக்கத் தூதரகம் இல்லை. உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுத்த ஊருக்கு அவர்கள் துணைத் தூதரகம் திறந்ததே 2025 ஜனவரியில்தான். ஆக, மேத்தா மனைவியோடு சென்னைக்கு வந்தார். மூன்று மணி நேரம் காத்திருந்தார். பிறகு தேர்வு தொடங்கியது.

முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு என்று ஒன்று நடக்கும். வழிகாட்டி இருப்பார், வெளியூர்த் தேர்வாளர் வருவார், டீயும் மிக்சரும் வரும், கடைசியில் எல்லாரும் கைகுலுக்குவார்கள். ஜெமினி பாலத்தடித் தேர்வில் டீ கிடையாது. உண்மையை மறைக்கிறீர்கள், நேர்மையாகப் பதில் சொல்லவில்லை என்றார்களாம். உங்கள் வேதியியல் ரசாயன ஆயுதம் செய்ய உதவாதா என்ற சந்தேகமும் வந்தது. செய்த ஆய்வையெல்லாம், நாற்பது வருடத்துக்கு முந்தைய முனைவர் பட்ட ஆய்வு உட்பட, படிவத்தில் விளக்கி எழுதச் சொன்னார்கள். தன் வாழ்நாளில் இப்படி அவமானப்பட்டதில்லை என்று பிறகு மேத்தா பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பாவம், அவர் ராயல் சொசைட்டியை நம்பிப் போயிருக்கிறார். சென்னையில் விசா கணபதி என்றே ஒரு பிள்ளையார் இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் அங்கே ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத்தான் தூதரகத்துக்குப் போவார்கள்.

அதிகாரியின் தர்க்கத்தில் குறையில்லை. வேதியியல் என்றால் விஷவாயு, உயிரியல் என்றால் கிருமி, இயற்பியல் என்றால் அணுகுண்டு. தமிழ் இலக்கியம் ஒன்றுதான் பாதுகாப்பான துறை, ஏனென்றால் அதற்கு யாரும் கூப்பிடுவதில்லை. இந்தக் கணக்குப்படி, கழிவறை ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கும் மல்லேஸ்வரம் மாமிகள் ஒருவருக்கும் விசா கொடுக்கக் கூடாது. இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆள் கொன்ற அதே சரக்கு.

இது ஏதோ ஒரு அதிகாரியின் அன்றைய மனநிலை என்று விட்டுவிடவும் முடியாது. 2001 செப்டம்பருக்குப் பிறகு விஞ்ஞானிகளைச் சலிப்பதற்கென்றே ‘விசாஸ் மான்டிஸ்’ என்ற சோதனையைக் கெடுபிடியாக்கினார்கள். அறிவியல் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அந்தச் சோதனை முடியச் சராசரியாக 67 நாள் பிடிக்கிறது என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 2004-இல் எழுதி வைத்தது. 67 நாளில் மாநாடு முடிந்து, மேடைப் பூ வாடி, அழைத்தவர் அடுத்த வருடத்து ஆளைத் தேடத் தொடங்கியிருப்பார்.

மேத்தா விஷயத்தில் ஜன்னலுக்கு ஒரு துரதிர்ஷ்டம். ஜார்ஜ் புஷ் இந்தியாவுக்கு வர இன்னும் சில நாள்தான் இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனைக்கு வந்துவிட்ட நேரத்தில் பெண்வீட்டுப் பெரியவரை அறைந்த கதையாகிவிட்டது. தூதரகம் அவசரமாக வருத்தம் தெரிவித்தது. விசாவை மறுக்கவில்லையாம், கூடுதல் தகவல்தான் கேட்டார்களாம். பிறகு விசாவும் வந்தது. மேத்தா போகவில்லை. இந்த முழுக் கூத்திலும் முதுகெலும்போடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

2006 மார்ச் 2 அன்று டெல்லியில் புஷ்ஷும் மன்மோகன் சிங்கும் கைகுலுக்கினார்கள். அணு உலைகளுக்கு எரிபொருள் தரும் உடன்பாட்டுக்கு வழி திறந்தது. இந்தியாவை நம்பி யுரேனியம் கொடுக்கலாம், ஒரு வேதியியல் பேராசிரியரை நம்பி ஃப்ளோரிடாவுக்குள் விட முடியாது! அப்போது நம் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்தவர் ராஜகோபால சிதம்பரம். சென்னையில் பிறந்து, பெங்களூரு டாடா இன்ஸ்டிட்யூட்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். பொக்ரானில் அவரும் சேர்ந்து செய்த குண்டு வெடித்த 1998-இல், படிகவியலாளர் கூட்டத்துக்குப் போக அவர் கேட்ட விசாவை அமெரிக்கா மறுத்தது. எட்டு வருடத்தில் குண்டு செய்தவர்கள் கூட்டாளிகளாகிவிட்டார்கள். மூலக்கூறு செய்தவர் சந்தேகத்துக்குரியவர். குண்டு இருந்தால் மரியாதை தானாக வரும் என்பதைத் தவிர வேறென்ன பாடம் இதில் படிப்பது?

நமக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தியாவையே அவமதித்துவிட்டார்கள் என்று தலையங்கம் தீட்டினோம். மறுநாள் காலை பிள்ளையின் ஃபைலை எடுத்துக்கொண்டு அதே வரிசையில் போய் நின்றோம். அந்த வரிசையில் தினம் தினம் ஒரு நிமிடத்தில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளுக்குத் தலையங்கம் கிடையாது, வருத்தமும் கிடையாது. மேத்தாவுக்கு நடந்தது நமக்கு உறைத்ததே அவர் பெரிய மனிதர் என்பதால்தான். அதுவும் செய்தது வெள்ளைக்காரன் என்பதால்.

அதே வேலையை நம் ஆள் செய்தால்?

2021 ஜனவரியில் கல்வி அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அரசுப் பல்கலைக்கழகங்கள் இணையவழியில் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்துவதானாலும் முன்அனுமதி வாங்க வேண்டும். எல்லை, வடகிழக்கு, காஷ்மீர், லடாக், இன்னும் ‘உள்நாட்டு விவகாரம்’ எதுவும் பேசுபொருளாகக் கூடாது. விமானம் ஏறத்தான் விசா கேட்பார்கள் என்று நினைத்திருந்தோம். வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து ஜூமில் பேசவும் விசா! சி. வி. ராமன் 1934-இல் பெங்களூருவில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமி எதிர்த்து அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. சத்தம் கூடியதும் உத்தரவு சுருண்டுகொண்டது.

பிறகு 2024 பிப்ரவரி. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிதாஷா கௌல், காஷ்மீரப் பண்டிட் குடும்பத்தவர், பெங்களூருவில் வந்து இறங்கினார். அழைத்தது கர்நாடக அரசு. மாநாட்டின் பெயர் ‘அரசியலமைப்பும் தேசிய ஒற்றுமையும்’. கையில் முறையான ஆவணங்கள். நம் ஊர் ஜன்னல் ஜெமினி பாலத்து ஜன்னலையும் மிஞ்சியது. அங்கே கேள்வியாவது கேட்டார்கள். இங்கே, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, டெல்லி உத்தரவு என்று சொன்னதாகக் கௌல் எழுதினார். அடைத்து வைத்து லண்டனுக்கே திருப்பி அனுப்பினார்கள். கெம்பே கௌடா பெயர் தாங்கிய விமான நிலையத்தில் கர்நாடக அரசின் அழைப்புக் கடிதத்துக்கு இருந்த மதிப்பு, போர்டிங் பாஸின் கிழித்த பாதிக்கு இருந்ததைவிடக் குறைவு.

வெளிநாட்டவரை உள்ளே விடுவதும் விடாததும் ஒரு நாட்டின் இறையாண்மை உரிமை என்றது வெளியுறவு அமைச்சகம். பேஷ். 2006-இல் அமெரிக்கா இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் நாம் என்ன குதி குதித்திருப்போம்! முப்பது வருடத்துக்கு மேல் கேரளத்தை ஆராய்ந்த ஃபிலிப்போ ஓசெல்லாவை 2022 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் இறங்கிய கையோடு திருப்பினோம். வாழ்நாளெல்லாம் இந்தி இலக்கியத்தைப் படித்த ஃபிரான்செஸ்கா ஓர்சினியை 2025 அக்டோபரில் டெல்லியில் திருப்பினோம். இந்தியை உலகமொழி ஆக்கப்போகிறவர்கள் செய்த காரியம் இது.

மேத்தாவை அவமதித்தவர்கள் வருத்தம் தெரிவித்து, விசாவைக் கையில் கொடுத்தார்கள். நாம் கௌலின் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டையை 2025 மே மாதம் ரத்து செய்தோம்.