மும்முறை ஸிங்க் அடித்தல்: ஓர் உரைவிளக்கம்

கரண்ட் போனால் யுனிக்ஸ் சர்வரை இறக்கும் முறை பற்றி இரு மரபுகள் உள. ஒன்று எழுத்து மரபு. அது கையேடுகளில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே யாரும் படித்ததில்லை. மற்றது வாய்மொழி மரபு. "ஸிங்க், ஸிங்க், ஸிங்க், பிறகு ஹால்ட்" என்பது அதன் மூல சூத்திரம்.

ஏன் மூன்று? இலக்கணக் கட்சியார் இதை அடுக்குத்தொடர் என்பர். விரைவிலும் அச்சத்திலும் ஒரு சொல் மூன்று வரை அடுக்கலாம் என்பது நன்னூலுக்கு உடன்பாடு. நள்ளிரவில் யூபிஎஸ் கீச்சிடும்போது இவ்விரண்டும் அட்மினிடம் நிரம்ப உண்டு.

இயந்திரக் கட்சியார் மறுப்பர். எழுதச் சொன்னதை யுனிக்ஸ் உடனே வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் தேக்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று நம்மிடம் சொல்லிவிடும். தேங்கியதை வட்டுக்குத் தள்ளுவதே ஸிங்க். பழைய யுனிக்ஸில் அது வேலையை வரிசையில் போட்டுவிட்டு, முடிகிறதா என்று பாராமலே திரும்பிவிடும். அடுத்த இரண்டு ஸிங்க்குகளைத் தட்டி முடிக்க ஆகும் நேரம்தான் வட்டுக்குக் கிடைத்த அவகாசம். பிற்காலத்தார் மூன்றையும் அரைப்புள்ளி போட்டு ஒரே வரியில் அடித்தனர். சடங்கு நிலைத்தது, அவகாசம் போயிற்று. இன்றைய லினக்ஸில் ஸிங்க் எழுதி முடியும்வரை காத்து நிற்கிறது, ஒன்றே போதும். ஒன்றோடு நிறுத்துபவரை மூத்த அட்மின்கள் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

சூத்திரத்தை மீறியோர் கதியும் நூல்களில் உண்டு. மறுநாள் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் ஓடும். தாய்க் கோப்புறையை இழந்த கோப்புகள் பெயரும் இழந்து, வெறும் எண்ணோடு 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையில் போய்ச் சேரும்.

யூபிஎஸ் வந்தபின் வேலை தானியங்கியாயிற்று. பழைய ரெட்ஹேட்டின் இனிட்டேப் கோப்பு, கரண்ட் போனதும் இரண்டு நிமிடத்தில் ஷட்டவுன் என்று விதித்திருந்தது. ஓடும் நிரல்களுக்கு முதலில் 15ஆம் எண் சிக்னல் போகும்: தயவுசெய்து முடித்துக்கொள். கேளாதார்க்கு 9. அதற்கு மேல்முறையீடு கிடையாது. பல சர்வர்கள் இருந்தால், மற்றவற்றோடு கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வரைக் கடைசியில் இறக்க வேண்டும். அது முந்திக்கொண்டால், அதை மவுண்ட் செய்தவையெல்லாம் அதன் பதிலுக்காக இறங்காமல் நிற்கும். நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் இணைப்பு வேண்டும் என்பது, இறங்கச் சொல்லும் செய்தி மற்ற சர்வர்களுக்குப் போய்ச் சேராதபோதுதான் பலருக்கும் நினைவு வருகிறது.

இனி ஆய்வின் உயிர்நிலை. கரண்ட் போவது ஆபத்தன்று. திரும்பி வருவதே ஆபத்து. சர்வர் பாதி இறங்கியிருக்கையில் கரண்ட் வந்துவிட்டது என்று கொள்க. யூபிஎஸ் இடைவிடாமல் மின்சாரம் கொடுத்தபடியே இருந்ததால், கரண்ட் திரும்பி வந்தது இறங்கிய சர்வருக்குத் தெரியாது. ஊரெல்லாம் விளக்கெரிய, அது மட்டும் அணைந்தே கிடக்கும். இதற்கு 'நட்' என்னும் யூபிஎஸ் மென்பொருள் கண்ட பரிகாரம் வியக்கத்தக்கது: சர்வர் தன் கடைசிச் செயலாக, "எனக்கு வரும் கரண்டை நிறுத்து" என்று யூபிஎஸ்ஸுக்கு ஆணையிடுகிறது. கரண்ட் வந்துவிட்டிருந்தாலும் யூபிஎஸ் சற்று நேரம் நிறுத்தி, மறுபடி கொடுக்கும். அதாவது மின்வெட்டு முடிந்த பிறகு, முறைப்படி ஒரு மின்வெட்டு. அப்போதும், கரண்ட் வந்தால் தானே எழ வேண்டும் என்று பயாஸில் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

சொல்லி வைக்காத அலுவலகங்களில் இப்பணி இரவுக் காவலருடையது. எந்தப் பொத்தான் என்று அவருக்குப் போனில் விளக்குவது தனி ஆய்வுக்குரிய துறை.

"அண்ணே, பச்சை லைட்டுக்குப் பக்கத்துல இருக்கும் பாருங்க."

"எல்லாத்துலயும் பச்சைதான் சார் எரியுது. எதை அமுக்க?"