யந்திரம் வரைந்த காதற் கடிதங்கள்

1952ஆம் வருஷத்தில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் சர்வகலாசாலையிலிருந்த ஃபெராண்டி மார்க் 1 என்னும் கணித யந்திரத்துக்கு, கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற மேதாவி, உலகத்தில் உபயோகமான காரியங்கள் எத்தனையோ காத்திருக்க, காதற் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார். வித்தை ஒன்றும் பிரமாதமில்லை: வாக்கியங்களை வார்க்க இரண்டு அச்சுகள், அவற்றில் இட்டு நிரப்ப, ரோஜே என்பவரின் சொற்களஞ்சியத்தில் பொறுக்கிய பிரேமைச் சொற்கள், எந்தச் சொல்லை எடுப்பது என்று நிர்ணயிக்க, ஆலன் டூரிங்கின் பிடிவாதத்தால் அந்த யந்திரத்தில் அமைந்திருந்த, தற்செயலாக எண்களை உதிர்க்கும் சாதனம். தாபமும் ஆராதனையும் ததும்பும் அக்கடிதங்கள், எழுதப்படுவது யாருக்கு என்ற விசாரமே இல்லாமல் ஜனித்து, அடியில் 'எம்.யு.சி.' என்று யந்திரத்தின் கையொப்பத்தையும் தாங்கி வெளிவந்தன. அர்த்தம் அறியாமலே அடைமொழிகளை மாற்றி மாற்றி அடுக்கி அன்பைப் பிரகடனம் செய்வது யந்திரத்துக்கே உரிய தோஷம் என்று சொல்லத் துணிகிறவர்கள், மனிதர்கள் எழுதிய காதற் கடிதம் ஒன்றையேனும் (தங்களுடையது நீங்கலாக) நிதானமாகப் படித்தவர்களாக இருக்கமுடியாது. 1954இல் 'என்கவுண்டர்' பத்திரிகையில் ஸ்ட்ரேச்சி இக்கடிதங்களின் மாதிரிகளைப் பிரசுரித்தார். எதற்கும் பதில் வந்ததாகத் தகவல் இல்லை.