கறை அண்ணாச்சி

புதியம்புத்தூரில் ஒரு வீட்டு நடுக்கூடத்தில் கம்பளம் விரித்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை துபாயிலோ குவைத்திலோ இருக்கிறான் என்று அர்த்தம். காற்றடித்தால் கரிசல் காட்டுப் புழுதி கூடம் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊரில், தன் கைக்காசைப் போட்டு யார் கம்பளம் வாங்குவார்கள்? படுக்கக் கோரைப்பாய் உண்டு. நாலு பேர் வந்தால் பரணிலிருந்து பவானி ஜமுக்காளம் இறங்கும். 2005இலேயே புவிசார் குறியீடு வாங்கிய பெரிய மனுசன் அது. ஆனாலும் உதறலாம், கல்லில் அடிக்கலாம், தொட்டியில் போட்டு மிதிக்கலாம், கோபித்துக்கொள்ளாது. கம்பளம் வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாதிரி. கிடக்கிற இடத்தை விட்டு எழுப்பவும் முடியாது, ஒரு சொல் சொல்லவும் முடியாது.

அதன்மேல் ஒரு கரண்டி சாம்பார் சிந்தட்டும். அண்ணாச்சி வந்துவிடுவார்.

யார் சொல்லி வந்தார் என்று கேட்கக் கூடாது. பூனைக்குட்டி இறந்தால்கூட நாலு நாள் கழித்துத் தெரிகிற தெருவில், கறை விழுந்த செய்தி மட்டும் கால் மணி நேரத்தில் அவரிடம் சேர்ந்துவிடும். இவர் ஒரு ஆள் இல்லை, ஒரு இனம். தெருவுக்கு ஒருவர் உண்டு. அறுபதைத் தாண்டிய வயது, மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் ஒரு கட்டை சாக்பீஸ். தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவோ செக்கிங்கிலோ இருந்து ஓய்ந்தவர்.

அவர் படித்த பள்ளிக்கூடமும் அதுதான். ரெடிமேட் உடுப்புத் தைப்பதை நம்பி இருக்கிற ஊர் இது. தீபாவளி நெருங்கினால் ராப்பகலாய் மெஷின் ஓடும். ஓடுகிற மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும். விட்டபின் கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டி, மிச்ச எண்ணெயை அதில் இறக்கிவிட்டுத்தான் நல்ல துணியை வைக்க வேண்டும். அவசரத்தில் யாராவது மறப்பார்கள். வெள்ளைச் சட்டையின் முதுகில் திருஷ்டிப் பொட்டு விழும். அப்போது “மாஸ்டரக் கூப்பிடு” என்று ஒரு குரல் எழும். மாஸ்டர் வந்து சாக்பீஸ் பொடியை மேலே தூவி, எண்ணெயை அது உறிஞ்சும்வரை காத்திருந்து, தட்டிவிட்டு, சோப்பைத் தொட்டு ஒத்தி எடுப்பார். சட்டை பிழைக்கும். அந்தக் குரல் நின்றுபோன பிறகு அவருக்கு வந்த வெறுமைதான் இந்தத் தெருவின் தலையெழுத்து. தொலைக்காட்சியில் ‘கறை நல்லது’ என்று விளம்பரம் வந்தபோது அதை மனமார ஒப்புக்கொண்ட முதல் ஆள் இவராகத்தான் இருப்பார்.

வந்ததும் கறையைப் பார்க்க மாட்டார். ஆட்களைப் பார்ப்பார்.

“யாரு தேய்ச்சது?”

“நாந்தான் அண்ணாச்சி. லேசாத்தான் தேய்ச்சேன்.”

“லேசா என்ன, பலமா என்ன? தேய்ச்சா உள்ள போயிரும் தாயி. வெள்ளைத் துணிய வச்சு ஒத்தணும். ஓரத்துலருந்து நடுவுக்கு வரணும். நடுவுலருந்து ஓரத்துக்குப் போனியோ, காலணா அளவு கறை கல்யாணப் பந்தல் அளவு ஆயிரும்.”

இது நூற்றுக்கு நூறு சரி. அண்ணாச்சியிடம் உள்ள சங்கடமே இதுதான். அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும். மிச்சப் பாதியையும் அதே குரலில், அதே சுருதியில் சொல்வார். எந்தப் பாதி எது என்று கம்பளத்துக்கு மட்டும் தெரியும்.

அடுத்தது விசாரணை. எப்போது விழுந்தது, சூடாக விழுந்ததா ஆறியா, பருப்பில் நெய் விட்டதுண்டா, சிந்தியவர் பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா. கடைசிக் கேள்விக்கும் கறைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கேட்காமல் விட மாட்டார். சாம்பாரைச் சிந்திய விருந்தாளி ஒரு மூலையில் நெளிந்துகொண்டு நிற்பார்.

பிறகு கம்பளத்தின் ஜாதகம் பார்க்க வேண்டும். பின்பக்கம் தைத்திருக்கிற சீட்டில் அது எந்த இழை என்று அச்சடித்திருக்கும். அதைப் படித்தால் அண்ணாச்சிக்கு என்ன மரியாதை? ஓரத்தில் நாலு இழையைப் பிடுங்குவார். கோவில்பட்டித் தீப்பெட்டியை உரசிக் கொளுத்துவார். முடி கருகின நாற்றம் வந்தால் கம்பளி. காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாக இறுகினால் நைலான், பாலிப்ரொப்பிலீன் வகை. துணிக்கடைக்காரர்கள் அறிந்த நல்ல சோதனைதான் இது. கம்பளிக்குப் பிளீச்சிங் பவுடர் ஆகாது, இழையையே தின்றுவிடும். பாலிப்ரொப்பிலீனுக்கு எண்ணெய் என்றால் உயிர், பிடித்தால் விடாது. எல்லாம் விவரமாகச் சொல்வார். ஓரத்தில் இழை பிடுங்கிய சொட்டையைப் பற்றி மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

கடைசியாக மருந்து. “பாத்திரம் கழுவுற சோப்பு கொண்டா.” கொண்டு வருவார்கள். கறை மேல் வைத்ததுதான் தாமதம், மஞ்சள் இருந்த இடம் ரத்தச் சிவப்பாகிவிடும். வீட்டுக்காரி அலறுவாள். அண்ணாச்சி அசைய மாட்டார்.

“பயப்படாத. உள்ள கெடந்தது வெளிய வருது.”

வெளியே ஒன்றும் வரவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். அண்ணாச்சி விடவும் செய்வார். கறை பழையபடி மஞ்சளாகி நிற்கும். இவ்வளவும் செய்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததை அவர் முன்னேற்றம் என்பார். “இனி மொட்டைமாடில கொண்டு போடு” என்று சொல்லிவிட்டுக் காபி கேட்பார்.

குர்குமினுக்கு வெயில்தான் எமன். புதியம்புத்தூர் வெயிலோ கேட்கவே வேண்டாம். மாடியில் கிடக்கக் கிடக்க மஞ்சள் வெளிறும், பிறகு மறையும். சூரியன் செய்த வேலைக்குப் பெயர் அண்ணாச்சிக்கு. இத்தனை வருசமாக இந்த ஏற்பாட்டைச் சூரியனும் ஆட்சேபிக்கவில்லை.

ரத்தம், பால் இரண்டுக்கும் பச்சைத் தண்ணீர், வெந்நீர் பட்டால் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் அப்பிவிட்ட கடலை மிட்டாய்ப் பாகுக்கு மாறாக வெதுவெதுப்பான தண்ணீர், பபிள்கம்முக்குப் பனிக்கட்டி. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாழைக்கறை என்றால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். டாக்டர்கள் கையை விரிக்கிற கேஸ் அது.

அவரைச் சோதிப்பது கரிசல் சகதி ஒன்றுதான். மழையன்று யாரோ செருப்போடு ஏறி மிதித்துவிட்டார்கள் என்று வையுங்கள். அதற்குச் சரியான வைத்தியம் சும்மா இருப்பது. கரிசல் களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆட்டுக்கால் இறங்குகிற அளவுக்குக் காட்டில் வெடிக்கிற மண், கம்பளத்திலும் காய்ந்தால் பொருக்கு விட்டுவிடும். தட்டி, தூரிகையால் கூட்டினால் தீர்ந்தது. இது அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சும்மா இருப்பதில் அவருக்கு என்ன வேலை? ஆகவே, யாரும் கை வைத்துவிடாமல் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். மண் காய்கிற வரைக்கும் அந்த வீட்டில் சாப்பாடு.

இப்போது அவருக்கு வாரிசு ஒன்றும் கிளம்பியிருக்கிறது. கையில் செல்போனோடு வரும். ஆப்பசோடாவைக் கொட்டி, மேலே வினிகரை ஊற்றும். புஸ்ஸென்று நுரை பொங்கும். பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். சோடாவும் வினிகரும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட, மிஞ்சுவது ஒரு வகை உப்புத் தண்ணீர். நுரைத்த அளவுக்குக் கறை நகராது. அண்ணாச்சி இந்தக் கூத்தைத் தள்ளி நின்று பார்ப்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

தண்ணீரைக் கொட்டுவதில் மட்டும் இரு தலைமுறைக்கும் பேதமில்லை. கம்பளத்தின் முதுகில் பசை தடவி ஒட்டியிருப்பார்கள். அளவுக்கு மீறி ஊறினால் அது விட்டுப்போகும். அடியில் ஈரம் தங்கி நாறும். இதை எடுத்துச் சொல்லக் கூடியவர் அண்ணாச்சியின் மனைவி ஒருவர்தான். அவரோ தம் வீட்டுத் துவைகல் பக்கமே இவரை அண்ட விடாததோடு கடமை முடிந்தது என்று இருக்கிறார். முகூர்த்தப் பட்டு ஒன்றை இவர் மண்ணெண்ணெய் வைத்துக் காப்பாற்றிய காலத்திலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருக்கிறதாம்.

எப்படியோ, கறை போய்விடும். நாணயமாக அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் போன இடம் மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த நிறத்தில் பளிச்சென்று நிற்கும். சுற்றிலும் வருசக்கணக்கான புழுதி ஏறிய கம்பளம். வருகிறவர்கள் கண்ணெல்லாம் அந்த வட்டத்தில்தான் போய் விழும்.

“அண்ணாச்சி, இப்ப இந்த எடம் மட்டும் தனியாத் தெரியுதே.”

அண்ணாச்சி குனிந்து பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்ப்பார்.

“அதுக்கென்ன தாயி, அடுத்தாப்ல எங்கயாவது சிந்தத்தானே போறீங்க. அப்ப அந்த எடத்தையும் எடுத்துருதேன். ரெண்டு மூணு வருசத்துல கம்பளம் பூரா ஒரே கலருக்கு வந்துரும்.”