நிகர எடை போல நிகர ஜிபி

பெறுநர்: சட்டமுறை எடையளவுப் பிரிவு, நுகர்வோர் விவகாரத் துறை, இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: ரோம் என்னும் சரக்கில் எடைக்குறைவு – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தீபாவளி நெருங்கினால் இனிப்புக் கடைக்காரர்கள் நினைத்து நடுங்குவது தங்கள் துறையைத்தான். அட்டைப் பெட்டியையும் மைசூர்பாகோடு சேர்த்துத் தராசில் வைத்துவிட்டால் தங்கள் ஆய்வாளர்கள் விடுவதில்லை. பிஸ்கட் பொட்டலத்தில் நிகர எடையை அச்சிட வேண்டும், அந்த எண் இத்தனை மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பதுவரை 2011ஆம் ஆண்டு விதிகளில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் கைபேசிப் பெட்டியின் அடியிலும் நிகர அளவு அச்சாகிறது: ‘1 எண்ணம்’. மறுக்க முடியாத உண்மை. உள்ளே ஒன்றரைக் கைபேசி இருந்ததாக யாரும் புகார் சொன்னதில்லை. ஆனால் வாங்குகிறவர் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த ஒன்றை வைத்து அல்ல, விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘8 ஜிபி ரேம், 128 ஜிபி ரோம்’ என்பதை வைத்து. அந்த வரியை மட்டும் தராசில் ஏற்றாமல் விட்டது பெருந்தன்மை என்றே கொள்கிறேன்.

முதலில் சரக்கின் பெயர். ரோம் என்றால் படிக்க மட்டுமே முடிகிற நினைவகம். பெட்டிக்குள் இருப்பதோ ஃபிளாஷ் நினைவகம். டோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. மின்சாரத்தாலேயே அழித்து மறுபடி எழுத முடியும் என்பதுதான் அதன் சிறப்பே. சொன்ன சொல்லுக்கு நிறுவனங்கள் உண்மையாக இருந்திருந்தால், 128 ஜிபியில் ஒரு ‘காலை வணக்கம்’ படத்தைக்கூடச் சேமிக்க முடிந்திருக்காது. (நாட்டுக்கு அது நல்லதாகவும் இருந்திருக்கும், அது வேறு வழக்கு.) உண்மையான ரோம் கைபேசியில் இல்லாமலில்லை. செயலிச் சில்லுக்குள், கைபேசி கண்விழித்ததும் முதலில் ஓடும் சிறு நிரல் அப்படித்தான் பதிக்கப்பட்டிருக்கிறது. ஐபோன் 4எஸ் தொடங்கி ஐபோன் எக்ஸ் வரையிலானவற்றின் அந்தப் பகுதியில் ஓர் ஓட்டை இருப்பது 2019இல் வெளியானபோது, விற்றுவிட்ட கைபேசிகளில் அப்டேட் அனுப்பி அதை அடைக்க முடியவில்லை. அழித்து எழுத முடியாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்த ரோமின் அளவை எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. ரோம் அல்லாததன் அளவை எல்லாரும் சொல்கிறார்கள்.

பெயரை வழக்குச் சொல் என்று மன்னிக்கலாம். அளவை எப்படி மன்னிப்பது? 128 ஜிபி என்று வாங்கியதில் இயங்குதளமும், யாரும் கேட்காத செயலிகளும் முன்பே குடியேறியிருக்கின்றன. சாம்சங் கேலக்ஸி எஸ்4 கைபேசியின் 16 ஜிபியில் ஏறத்தாழப் பாதிதான் வாங்கியவருக்கு மிஞ்சுகிறது என்று 2013இல் பிபிசியின் வாட்ச்டாக் நிகழ்ச்சி எடுத்துக்காட்டியது. அதே ஆண்டு வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் புரோவின் 64 ஜிபி மாதிரியில் 23 ஜிபிதான் காலியாக இருக்கும் என்று அந்த நிறுவனமே முதலில் அறிவித்தது. இன்றைக்குக் கொள்ளளவு பெருத்துவிட்டதால் விகிதம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் மலிவு விலைக் கைபேசியில்தான் கொள்ளளவும் குறைவு, திணித்த செயலிகளும் அதிகம்.

நிறுவனங்கள் தரப்பில் சொல்லக்கூடியதையும் நானே சொல்லிவிடுகிறேன். இயங்குதளம் இல்லாமல் கைபேசி ஓடாது என்பார்கள். சரிதான், பெட்டி இல்லாமல் மைசூர்பாகையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அதற்காகப் பெட்டியை இனிப்பின் விலைக்கு நிறுக்கவா விட்டீர்கள்? அப்டேட்டுக்கு அப்டேட் அளவு மாறும், எதை அச்சிடுவது என்பார்கள். ஆலையை விட்டுக் கிளம்பிய நாளில் காலியாக இருந்தது எவ்வளவு என்பதை அச்சிடலாம். அது அவர்களுக்குத் தெரியாத கணக்கல்ல. 64 ஜிபி வாங்கினால் கணினி 59.6 என்றுதான் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டில் மட்டும் நியாயம் அவர்கள் பக்கம்தான். ஜிகா என்றால் நூறு கோடி என்பது பன்னாட்டு அலகு முறை, தங்கள் துறையே காத்துவரும் முறை. கணினி அப்படிக் காட்டப் பயன்படுத்தும் இருமக் கணக்குக்கு ஜிபிபைட் என்ற தனி அலகைப் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஇசி 1998லேயே வகுத்துவிட்டது. அந்தக் குறையைப் பட்டியலில் இருந்து நீக்கிவிடுகிறேன்.

நீக்கிய இடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இப்போது ‘8 ஜிபி + 8 ஜிபி ரேம்’ என்று விளம்பரம் வருகிறது. இரண்டாவது எட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சேமிப்பகத்தின் ஒரு மூலையை ரேம் போலப் பயன்படுத்துகிறார்களாம். அதாவது ரோம் என்று ஒருமுறை விற்ற அதே எட்டு ஜிபியை, ரேம் என்று இரண்டாம் முறை விற்கிறார்கள். ஃபிளாஷின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. எழுத எழுதத் தேயவும் செய்யும். ஒரே மைசூர்பாகு இரண்டு தட்டிலும் இருப்பதைத் தங்கள் ஆய்வாளர்கள் எந்தக் கடையிலாவது பார்த்ததுண்டா?

தடையோ அபராதமோ கேட்கவில்லை. ‘1 எண்ணம்’ என்பதற்குக் கீழே ‘பயனருக்குக் கிடைக்கும் சேமிப்பிடம்: இத்தனை ஜிபி’ என்று இன்னொரு வரி சேர்க்க விதியில் இடம் செய்தால் போதும். கூடவே, ‘உண்மையான கொள்ளளவு மாறுபடலாம்’ என்று நட்சத்திரக் குறிக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் வாக்கியத்துக்கு, பிஸ்கட் பொட்டலத்தின் எண்களுக்குத் தாங்கள் விதித்த உயரத்தையாவது தந்தருள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நிகர அளவு: ஒரு நுகர்வோர்