கார்டு பார்த்த படம்

அப்பாவின் முதல் வருஷத் திதி முடிந்த சாயங்காலம். மயிலாடுதுறை வீட்டுக் கூடத்தில் அண்ணன் தம்பி மூன்று பேரும் சாப்பாட்டு மயக்கத்தில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து கிடந்தோம். பெரியண்ணன் மகன் சென்னையில் விஸ்காம் படிக்கிறான். "சும்மாதானே இருக்கீங்க, ஒரு படம் போடுறேன். அண்ணன் தம்பி மூணு பேர். அப்பா செத்து ஒரு வருஷம் ஆகுது. ரயில்ல போறாங்க" என்றான்.

"நம்ம கதையை எவன்டா எடுத்தான்?" என்று கேட்டபடி அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

எடுத்தவர் வெஸ் ஆண்டர்சன் என்ற அமெரிக்கர். 2007-இல் வந்த 'தி டார்ஜிலிங் லிமிடெட்'. எனக்கு அது ஏற்கெனவே பிடித்த படம். பிடித்த படத்தைக் குடும்பத்தோடு பார்க்கக் கூடாது என்ற ஞானம் எனக்கு அப்போது இல்லை.

பெரியண்ணன் ரயில்வேயில் 34 வருஷம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் வரும் எந்தப் படத்திலும் அவருக்குக் கதாநாயகன் ரயில்தான். முதல் காட்சியிலேயே கோட்டும் தொப்பியுமாக நடிகர் பில் முர்ரே இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடுகிறார். அவரை முந்திக்கொண்டு ஓடும் இளைஞன் தொற்றி ஏறிவிடுகிறான், இவர் நின்றுவிடுகிறார். நானும் பையனும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. "அரை மணி முன்னாடி வர்றதுக்கு என்ன கேடு? இந்த மாதிரி ஆளாலதான் எங்களுக்குக் கெட்ட பேரு" என்றார்.

அடுத்த சந்தேகம் ஊரைப் பற்றி. "டார்ஜிலிங்னு எழுதியிருக்கு, வெளியில பாலைவனமா இருக்கே?"

ராஜஸ்தானில் எடுத்தது என்றான் பையன். ஜோத்பூர் பக்கம் நிஜ ரயில் பெட்டிகளுக்கே உள்ளே வண்ணம் பூசி, ஓட்டிக்கொண்டே எடுத்தார்களாம். அண்ணன் விடவில்லை. டார்ஜிலிங் ரயிலின் தண்டவாள அகலம் வெறும் 2 அடி, இவ்வளவு பெரிய வண்டி அதில் ஏறினால் என்ன ஆகும் தெரியுமா என்று கையை விரித்துக் காட்டினார். படத்தில் அந்த வண்டி வழி தவறி எங்கேயோ போய் நின்றது. தண்டவாளத்தில் ஓடுகிற ரயில் எப்படித் தொலையும் என்று பாத்திரங்களே கேட்டுக்கொள்கிற நல்ல நகைச்சுவை அது. எங்கள் வீட்டில் அது விசாரணைக் கமிஷன் ஆகிவிட்டது. பாயின்ட்ஸ் போட்டவன் யார், ஸ்டேஷன் மாஸ்டர் தூங்கினாரா, கார்டு என்ன செய்துகொண்டிருந்தார். பத்து நிமிஷம் படத்தை நிறுத்தி வைத்தோம்.

நடு சகோதரன் சந்தையில் விஷப் பாம்பு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வண்டி ஏறினான். அண்ணன் எழுந்து போய் மோர் குடித்துவிட்டு வந்தார்.

அம்மாவின் கவலை வேறு. மூத்தவன் பிரான்சிஸ் தலை முழுக்கக் கட்டுப் போட்டிருக்கிறான். "அந்தக் கட்டை யாராவது மாத்தி விட்டாங்களா பாரு. பெத்தவ எங்க?" பெற்றவள் இமயமலைப் பக்கம் கன்னியாஸ்திரியாகிவிட்டாள், புருஷன் சாவுக்குக்கூட வரவில்லை என்று தெரிந்ததும் அம்மா அதற்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'அவ' என்பதோடு சரி.

ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் தம்பிகளுக்கும் சேர்த்து பிரான்சிஸே சாப்பாடு சொல்கிறான். பயணத்துக்கு மணிவாரியாக அட்டவணை போட்டு லேமினேட் செய்து கொடுக்கிறான். ஆன்மிகத் தேடலுக்கும் அதில் நேரம் ஒதுக்கியிருக்கிறது. கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் பெரியண்ணன் பக்கம் திரும்பின. காலையில் சாஸ்திரிகளுக்கே நிகழ்ச்சி நிரல் எழுதிக் கொடுத்தவர் அவர். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "இவன் ஒருத்தன்தான் பொறுப்பா இருக்கான்" என்றார்.

ரயில் பணிப்பெண் ரீட்டாவும் கடைக்குட்டி ஜாக்கும் கழிப்பறைக்குள் நுழைந்த காட்சியில் ரிமோட் காணாமல் போனது. எங்கள் வீட்டு ரிமோட்டுக்கு அந்த நேரத்தில்தான் கால் முளைக்கும். சங்கடத்தைக் குறைக்க நினைத்த பையன், "இந்த ஆக்ட்ரஸ் அமாரா கரண், இலங்கைத் தமிழ்க் குடும்பம் அப்பாயி" என்று ஒரு தகவல் சொன்னான். அதுவரை சும்மா இருந்த அம்மாவுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "நம்ம பொண்ணா!"

பிறகு ஆற்றில் மூன்று சிறுவர்கள் விழுந்தார்கள். ஒருவன் பிழைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவாக இர்ஃபான் கான் வந்து, அதிகம் பேசாமலேயே உட்கார்ந்து எழுந்தார். யாரும் ரயில்வே விதி பேசவில்லை. மூன்று வெள்ளைக்காரர்கள் மனம் திருந்துவதற்கு ஓர் இந்தியப் பிள்ளை சாக வேண்டுமா என்று இந்தப் படத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. திட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் இர்ஃபானின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வாதத்தை என்னால் முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை.

அங்கிருந்து படம் பின்னால் போகிறது. அப்பாவின் சவ அடக்கத்துக்குப் போகிற வழியில் மூவரும் ஒர்க்‌ஷாப்பில் இறங்கி, அவர் ரிப்பேருக்கு விட்ட காரை எடுத்தே தீருவோம் என்று அடம் பிடிக்கிறார்கள். "சாவுக்குப் போறவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போவானா?" என்றார் பெரியண்ணன். சின்னண்ணன் தொண்டையைச் செருமினான். போன வருஷம் இதே நாளில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது அவனைக் காணோம் என்று ஊரே தேடியது. மெக்கானிக்கிடம் கிடந்த அப்பாவின் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது.

நடு சகோதரன் செத்த அப்பாவின் மூக்குக் கண்ணாடியை, பவர் ஒத்துக்கொள்ளாமல் தலை வலித்தும், கழற்ற மாட்டேன் என்கிறான். மூத்தவனுக்கு அதில் எரிச்சல். இந்தக் காட்சிக்குப் பிறகு சின்னண்ணன் கையிலிருந்த அப்பாவின் ஹெச்.எம்.டி. கடிகாரத்தைப் பெரியண்ணன் இரண்டு தடவை பார்த்தார். சின்னண்ணன் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டான்.

கடைசியில் ஓடும் ரயிலைப் பிடிக்க, அப்பாவின் பெயரெழுத்து பொறித்த பெட்டிகளையெல்லாம் மூவரும் வீசி எறிகிறார்கள். லூயி வுய்ட்டன் நிறுவனத்துக்காக மார்க் ஜேக்கப்ஸ் வடிவமைத்தவை. துக்கத்தை இறக்கி வைக்கிறார்களாம். "ஒரு பெட்டி என்ன விலை இருக்கும்?" என்றாள் அண்ணி. பையன் சொன்ன விலைக்கு, அவர்கள் துக்கத்தோடேயே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் பெரியண்ணன் மட்டும் திருச்சிக்குக் கிளம்பினார். அரை மணி முன்னதாகத்தான். வாசலில் அம்மா ஒவ்வொரு பையாகக் கொண்டுவந்து வைத்தாள். ஏழு பை. முறுக்கு டின், வடகம், நார்த்தங்காய் ஊறுகாய், கொல்லை வாழைத்தார் பாதி. நாங்கள் பிளாட்பாரத்தை மிதித்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அறுபத்திரண்டு வயதில் அண்ணன் ஓடினார். "பையைத் தூக்கிப் போடுங்கண்ணே!" என்று கத்தினேன். "முறுக்குடா!" என்றார், ஓட்டத்தை நிறுத்தாமல்.

கடைசிப் பெட்டியும் அவரைத் தாண்டியது. அதன் வாசலில் நின்றிருந்த கார்டு பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே போனார். அண்ணன் டின்னைக் கீழே வைத்துவிட்டு, மூச்சிரைக்க, பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கையை உயர்த்தி ஆட்டினார்.